முட்டைப் பந்தை உதைத்துப் பிழைக்க முடியுமா? பெங்களூரிலிருந்து ஃபூட்டிக்கு ஒரு வழி

"அண்ணா, இத ஆடினா சம்பளம் தருவாங்களா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னோடு பந்து உதைக்க வருகிற பையன்களில் ஒருவன் போன மாதம் கேட்டது இது. பி.யூ.சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறான், தெரு அணிக்குக் கோல்கீப்பர், கௌதமபுரத்துப் பிள்ளை. அல்சூரை ஒட்டிய அந்த இடம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் சிலை வைத்திருக்கிற தமிழர் பேட்டை அது. கால்பந்து அங்கே குடும்பச் சொத்து மாதிரி, அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும். ஆனால் அன்றைக்கு அவன் கையில் இருந்தது என் சித்தப்பா மகன் மெல்பர்னில் படித்துவிட்டு வரும்போது கொண்டுவந்த ஷெரின் பந்து, ஃபூட்டி என்று சொல்கிற ஆஸ்திரேலிய ஃபுட்பாலுக்கான பந்து அது. சிவப்புத் தோல், நீள்வட்டம், இரண்டு பக்கமும் முனை. எங்கள் பையன்கள் அதற்கு வைத்த பெயர் முட்டைப் பந்து.

நின்ற இடத்தில் அவனுக்குப் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியை அவன் அம்மாவும் கேட்டார், வேறு மாதிரி: "இதுக்குப் பின்னாடி போனா பையன் உருப்படுவானாப்பா?" இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இது.

முதலில் சம்பளம். தருவார்கள், நன்றாகவே தருவார்கள். ஆஸ்திரேலிய ஃபுட்பாலின் உச்ச லீக் ஏ.எஃப்.எல்., மொத்தம் 18 க்ளப், 2028-இல் டாஸ்மேனியா 19-ஆவதாக வருகிறது. ஒரு க்ளப்பின் பட்டியலில் 40-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள், ஆக நாடு முழுக்கச் சுமார் 800 ஆண்கள் இதையே முழுநேர வேலையாகச் செய்கிறார்கள். லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் 2023-இல் போட்ட ஒப்பந்தத்தின்படி ஆண்களின் சராசரிச் சம்பளம் 2027-இல் வருடத்துக்கு 5 லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டும், பெண்கள் லீக்கில் சராசரி சுமார் 82,000 டாலர். ஆனால் இந்தச் சராசரியைப் பார்த்து மயங்க வேண்டாம். உச்சத்தில் சிலர் பத்து லட்சம் டாலருக்கு மேல் வாங்குவதால்தான் அந்த எண் அப்படி நிற்கிறது, புதிதாகச் சேரும் 18 வயதுப் பையன் வாங்குவது அதில் ஒரு சிறு பங்கு. முதல் ஒப்பந்தம் இரண்டு, மூன்று வருடத்துக்குத்தான். அதற்குள் தேறவில்லையென்றால் 21 வயதில் வேறு வேலை தேட வேண்டியதுதான். அம்மாவின் கேள்விக்கான பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஆட்டம் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கிரிக்கெட் மைதானம் போன்ற நீள்வட்டத் திடல், 135 முதல் 185 மீட்டர் வரை நீளம். காரணமும் கிரிக்கெட்தான்: 1859-இல் மெல்பர்னில் இதன் விதிகளை எழுதியவர்களில் முக்கியமான டாம் வில்ஸ் ஒரு கிரிக்கெட் வீரர், குளிர்காலத்தில் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்க ஓர் ஆட்டம் வேண்டும் என்று கேட்டவர். பக்கத்துக்கு 18 பேர், பெண்கள் லீக்கில் 16. ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பம், நடு இரண்டுக்குள் உதைத்தால் 6 புள்ளி, ஓரத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. பந்தைக் கையில் எடுக்கலாம், ஓடலாம், ஆனால் 15 மீட்டருக்கு ஒருமுறை தரையில் தட்ட வேண்டும். இன்னொருவருக்குக் கொடுக்க உதைக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்த வேண்டும். எறியக் கூடாது. 15 மீட்டராவது பறந்து வந்த உதையை யாரும் தொடாமல் பிடித்துவிட்டால் அதற்குப் பெயர் மார்க். ஆட்டம் நின்று உங்களுக்கு இடையூறில்லாத ஓர் உதை கிடைக்கும். அந்த மார்க் பிடிக்கத்தான் ஒருவர் முதுகில் முழங்காலை ஊன்றி இன்னொருவர் எழும்புகிறார், முதல் தடவை பார்க்கிறவர் அடிதடி என்றே நினைப்பார்.

வாசல் எங்கே இருக்கிறது

அங்கே பிறந்த பிள்ளைக்குப் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் ஆஸ்கிக் என்ற சிறுவர் பயிற்சி, அப்புறம் ஊர் க்ளப், 16, 17 வயதில் மாநில இளையோர் லீக், 18 நிறையும் வருடத்தின் நவம்பரில் டிராஃப்ட். டிராஃப்டில் க்ளப்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கும், ஆளுக்கு க்ளப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. அந்த வருட லீக்கில் கடைசியில் வந்த க்ளப்புக்கு முதல் தேர்வு. மெல்பர்னில் அம்மா கையால் சாப்பிட்டு வளர்ந்தவனைப் பெர்த் க்ளப் எடுத்தால் கண்டத்தின் மறுமுனைக்குப் பெட்டி கட்ட வேண்டும், அதுவும் ஒரு வாரத்தில். ஒருவருடைய அப்பா அதே க்ளப்புக்கு 100 ஆட்டம் ஆடியிருந்தால் அந்த க்ளப் அவரை முன்னுரிமையில் எடுக்கலாம்.

நம் பிள்ளைக்கு இந்தப் பாதை கிடையாது. கிடைப்பது பக்கவாட்டு வாசல் ஒன்று, பெயர் 'பி' வகை ரூக்கி, அதாவது புதுமுகம். வெளிநாட்டில் வளர்ந்தவர்களையும், குறைந்தது மூன்று வருடமாக இந்த ஆட்டத்தில் பதிவு செய்யாமல் வேறு விளையாட்டில் இருந்தவர்களையும் க்ளப்கள் இந்த வகையில் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். இந்த மாதிரிப் பக்கவாட்டு வாசலில் நுழைந்தவர்களின் கதைகளைப் படித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும்: அவர்கள் யாரும் ஃபூட்டி தெரிந்துகொண்டு போகவில்லை, வேறு ஏதோ ஒன்றைப் பிரமாதமாகச் செய்யத் தெரிந்துகொண்டு போனார்கள்.

மேசன் காக்ஸ் அமெரிக்கர், கல்லூரி பாஸ்கெட்பால் ஆடியவர், உயரம் 211 செ.மீ. 2014-இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஒரு தேர்வுக்குப் போகும்வரை இந்த ஆட்டமே அவருக்குப் புதிது. காலிங்வுட் எடுத்தது. 2016 ஆன்சாக் தினத்தன்று முதல் ஆட்டம், முதல் உதையிலேயே கோல், 2023-இல் கோப்பை வென்ற அணியில் அவர் இருந்தார். மைக் பைக் கனடாவின் ரக்பி வீரர், 2012-இல் சிட்னியோடு கோப்பை. பெண்களில் கோரா ஸ்டான்டன், அயர்லாந்தின் கேலிக் ஃபுட்பால் நட்சத்திரம், ஏ.எஃப்.எல். பெண்கள் லீக்கில் முதல் ஆட்டம் ஆடும்போது அவருக்கு வயது 36. வயதாகிவிட்டது என்று சொல்லும் அக்காக்கள் இதை ஒருமுறை படிக்கட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஜிம் ஸ்டைன்ஸ். டப்ளின் பையன், 1984-இல் 18 வயதில் மெல்பர்ன் க்ளப் அயர்லாந்தில் நடத்திய தேர்வில் எடுபட்டுக் கப்பல் ஏறாத குறையாகப் போனவர். முதல் பெரிய ஆட்டத்துக்கு அவர் காத்திருந்தது 1987 வரை. அந்த வருடமே இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆட்டத்தில், எதிரணி ஆட்டக்காரர் மார்க் பிடித்து உதைக்க நிற்கும்போது விதி மறந்து குறுக்கே ஓடிவிட்டார். தண்டனையாக உதைக்கிற இடம் 15 மீட்டர் முன்னால் போனது. மணி அடித்த பிறகு அந்த நெருங்கிய தூரத்திலிருந்து கோல் விழுந்தது, மெல்பர்ன் 2 புள்ளியில் தோற்றது. நாடே பார்த்த தப்பு. அவர் ஊருக்குத் திரும்பவில்லை. 1991-இல் லீக்கின் மிக உயர்ந்த தனிநபர் விருதான பிரௌன்லோ பதக்கம் வாங்கினார், ஓர் ஆட்டம்கூட விடாமல் தொடர்ச்சியாக 244 ஆட்டம் ஆடிய சாதனையும் அவருடையது. வேறு மண்ணிலிருந்து போகிறவன் தப்பு செய்யத்தான் செய்வான், அதைத் தாண்டி நிற்கிற நெஞ்சு இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆக, உங்களிடம் என்ன இருக்கிறது என்று முதலில் கணக்குப் போடுங்கள். 195 செ.மீ.க்கு மேல் உயரமும் துள்ளலும் உள்ள பாஸ்கெட்பால், வாலிபால் பிள்ளைகளுக்கு ரக் என்கிற இடம் பொருந்தும், நடுவில் அம்பயர் பந்தை மேலே எறியும்போது தாவித் தட்டுகிறவர் அவர். நடுத்தூர ஓட்டக்காரருக்கு விங். கபடி ஆடியவருக்கு இடுப்பைப் பிடித்து ஆளை நிறுத்தும் கலை கைவந்தது, ஃபூட்டியில் தோளுக்குக் கீழே முழங்காலுக்கு மேலே பிடிப்பதுதான் சட்டப்படியான டேக்கிள், கபடிக்காரர் கணுக்காலைத் தேடும் பழக்கத்தை மட்டும் விட வேண்டும். கிரிக்கெட்டில் பவுண்டரி ஓரம் பின்னோக்கி ஓடி உயரக் கேட்ச் பிடிக்கிறவருக்கு மார்க் பாதி தெரிந்த பாடம். எங்கள் கோல்கீப்பர் பையன் முதல் நாளே தலைக்கு மேல் பந்தைப் பறித்ததைப் பார்த்து எனக்குச் சிலிர்த்துவிட்டது.

உதை

ஆனால் ஒன்று மட்டும் வேறு எந்த ஆட்டத்திலிருந்தும் இரவலாக வராது. அது டிராப் பன்ட் என்கிற உதை. இதைக் கற்காமல் வேறு எதைக் கற்றாலும் வீண், இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பந்தை நிமிர்த்தி, இரண்டு பக்கமும் விரல்களை விரித்துப் பிடியுங்கள், கட்டை விரல்கள் மேல் தையலின் பக்கவாட்டில். மேல் முனை மயிரிழை உங்கள் பக்கம் சாயலாம், பக்கவாட்டில் சாயக் கூடாது. வலது காலால் உதைக்கிறவருக்கு இடது கை முதலில் விலகும், வலது கை மட்டும் பந்தைத் தொடைக்கு முன்னால் கீழே கொண்டுபோய், இடுப்பு உயரத்தில் விட வேண்டும். விட வேண்டும் என்றுதான் சொல்கிறேன், போடக் கூடாது, தூக்கக் கூடாது. பந்து நிமிர்ந்தபடியே கீழே வரும். பாதத்தை நடனக்காரர் மாதிரி நீட்டி விறைப்பாக வைத்து, ஸ்டட்ஸின் லேஸ் இருக்கிற மேல்பாகத்தால் பந்தின் கீழ் முனையை அடியுங்கள், முழங்காலுக்கு நன்றாகக் கீழே, தரைக்குப் பக்கத்தில். அடித்த கால் இலக்கை நோக்கி நேராகப் போகட்டும். சரியாக விழுந்தால் பந்து பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே போகும், அந்தச் சுழற்சிதான் அதை நேராக வைக்கிறது, எதிரில் இருப்பவருக்குப் பிடிக்கவும் வசதி.

நம் கால்பந்துப் பிள்ளைகளுக்குக் கால் பலம் போதும் போதும் என்கிற அளவு இருக்கிறது. கெடுவது கையில். எங்கள் கோல்கீப்பர் உதைத்த பந்து மூன்று ஞாயிறு வலப்பக்கமே போய் விழுந்தது, எனக்கும் காரணம் புரியவில்லை. நாலாவது வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கையை மட்டும் பார்த்தேன். கோல்கிக் மாதிரி பந்தைச் சற்றே மேலே எறிந்துவிட்டு உதைக்கிறான்! காற்றில் இருந்த அந்த ஒரு நொடியில் முட்டைப் பந்து சாய்ந்துவிடுகிறது. உருண்டைப் பந்து எப்படித் திரும்பினாலும் உருண்டைதான், இது அப்படி இல்லையே. "உதைக்காதடா, விடு மட்டும்" என்று சொல்லி, ஒரு வாரம் முழுக்க வீட்டு மாடியில் பந்தைக் கையிலிருந்து கீழே விட்டு விட்டு எடுக்கச் சொன்னேன். நேராக விழுந்தால் நேராக எழும்பிக் கைக்கு வரும், சாய்ந்து விழுந்தால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓடும். பந்தே வாத்தியார். அடுத்த ஞாயிறு முதல் முறையாக அவன் உதை சுழன்றுகொண்டு நேராக வந்து என் நெஞ்சில் 'டப்' என்று விழுந்தது, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஓரடி எடுத்து வைத்து 10 மீட்டர் உதை, மைதானத்துச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்று, பந்து கோட்டை விட்டு விலகுகிறதா என்று பார்த்தபடி. 10 மீட்டரில் பத்துக்கு ஒன்பது சரியாக வந்தால்தான் 20-க்குப் போக வேண்டும். தூரத்துக்கு ஆசைப்படுகிறவன் உடம்பைப் பின்னால் சாய்ப்பான், எல்லாம் கெடும். அப்புறம் இடது கால், முதல் நாளிலிருந்தே, ஏனென்றால் ஒரு காலால் மட்டும் உதைக்கிறவனை எதிரணி அந்தப் பக்கம் அடைத்துவிடும். ஷெரின் இங்கே எளிதில் கிடைக்காது, தெரிந்தவர் யாராவது மெல்பர்னிலிருந்து வந்தால் காற்றை இறக்கிப் பெட்டியில் கொண்டுவரச் சொல்லுங்கள், ஐந்தாம் அளவு ஆண்களுக்கு, பெண்களுக்கு அதைவிடச் சிறியது. அதுவரை ரக்பி பந்தில் பழகலாம், அது கொஞ்சம் பெரிது, அதைக் கையாள முடிந்தால் ஷெரின் கையில் இன்னும் அடங்கும்.

முஷ்டிக் குத்தைப் பற்றி ஒரே வார்த்தை: பந்து வைத்திருக்கிற கை அசையக் கூடாது. அசைந்தால் எறிதல் என்று அம்பயர் ஊதுவார்.

உடம்பும் அளவுகளும்

டிராஃப்டுக்கு முன் பிள்ளைகளை வரவழைத்துச் சோதிப்பார்கள். 20 மீட்டர் ஓட்டம், நின்றும் ஓடியும் எழும்புதல், வளைந்து நெளிந்து ஓடும் சோதனை, கடைசியில் 2 கிலோமீட்டர் ஓட்டம். 20 மீட்டரை 3 விநாடிக்குள் முடித்தால் வேகமானவர்களில் ஒருவர். 2 கிலோமீட்டரில் முன்னணிப் பிள்ளைகள் 6 நிமிடத்தை ஒட்டி முடிக்கிறார்கள். 400 மீட்டர் ட்ராக்கில் ஐந்து சுற்று, ஒவ்வொன்றும் 72 விநாடி. ஏதாவது ஒரு ட்ராக்கில் அனுமதி வாங்கி ஒரு நாள் ஓடிப் பாருங்கள், மூன்றாவது சுற்றில் தெரிந்துவிடும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று. 8 நிமிடம் ஆனால் மனதை விட வேண்டாம், குறிப்பேட்டில் தேதியோடு எழுதுங்கள், ஆறு வாரம் கழித்து மறுபடி ஓடுங்கள். ஓர் ஆட்டத்தில் நடுக்களத்தில் ஆடுகிறவர் 12, 13 கிலோமீட்டர் சாதாரணமாக ஓடுகிறார், அதுவும் சீராக இல்லை, நின்று, பாய்ந்து, இடிபட்டு, விழுந்து, எழுந்து.

ஜிம் விஷயத்தில் கறாராக ஒன்று சொல்கிறேன். தெருவுக்குத் தெரு பவுடர் விற்கிறார்கள், "ரெண்டு மாசத்துல பாடி ஏறிடும்" என்று. தொடாதீர்கள். எஸ்ஸென்டன் என்ற பெரிய க்ளப் 2012-இல் நடத்திய ஊட்டமருந்துத் திட்டத்தால், 2016 ஜனவரியில் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 34 ஆட்டக்காரர்களுக்குத் தடை விதித்தது, அந்த வருட ஆட்டம் முழுதும் போனது. க்ளப்பில் கொடுத்தார்கள், நம்பிப் போட்டுக்கொண்டோம் என்றார்கள், செல்லவில்லை. உங்கள் உடம்பில் என்ன போகிறது என்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு. முட்டை, கடலை, பருப்பு, கீரை, ராகிக் களி, தூக்கம். இது போதும், 17 வயதில் இதற்கு மேல் தேவையே இல்லை.

உள்ளே போனால் வேலை எப்படி

தொலைக்காட்சியில் பார்ப்பது வாரத்தில் இரண்டரை மணி நேரம். மற்றதெல்லாம் வேலை. நவம்பரில் தொடங்கி கோடை வெயிலில் ஓட்டமும் எடையும், மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை வாராவாரம் ஆட்டம், செப்டம்பரில் இறுதிச் சுற்று. ஆட்டத்துக்கு மறுநாள் குளத்தில் நடை, ஐஸ் தண்ணீர், மசாஜ். அடுத்த நாள் எல்லோரையும் உட்கார வைத்து வீடியோ, உங்கள் தப்பை நாற்பது பேர் முன்னால் நிறுத்திக் காட்டுவார்கள், கோபப்படக் கூடாது. வார நடுவில் ஒரு முழுப் பயிற்சி, ஆட்டத்துக்கு முன் லேசாக ஒன்று. வெளிநாட்டுப் பிள்ளை முதல் வருடம் முழுக்க இரண்டாம் அணியில்தான் ஆடுவான், சனிக்கிழமை நூறு பேர் பார்க்கிற ஊர் மைதானத்தில், மழையில், சேற்றில். அதை அவமானமாக நினைக்கிறவர் திரும்பிவிடுவார், பள்ளிக்கூடமாக நினைக்கிறவர் நிற்பார். ரிச்மண்டின் மார்லியன் பிக்கெட்டுக்கு முதல் ஏ.எஃப்.எல். ஆட்டமே 2019 கிராண்ட் ஃபைனல், அப்போது வயது 27. அதுவரை இரண்டாம் நிலை லீக்குகளில்தான் ஆடினார். அன்றைக்குக் கோப்பையும் கிடைத்தது.

காயம் வரும். முழங்காலில் ஏ.சி.எல். என்கிற இணைப்பு நார் அறுந்தால் ஒரு வருடம் போயிற்று, பின்தொடைத் தசை பிடித்தால் மூன்று, நான்கு வாரம். அதெல்லாம் ஆறும். ஆறாதது தலை. 2021 முதல், தலையில் அடிபட்டு மூளை குலுங்கியது என்று மருத்துவர் சொன்னால் குறைந்தது 12 நாள் ஆட்டம் கிடையாது. மெல்பர்ன் க்ளப்பின் ஆங்கஸ் பிரேஷா, 2021-இல் கோப்பை வென்றவர், 2023 இறுதிச் சுற்றில் வாங்கிய ஓர் இடியோடு முடிந்தது, 2024 பிப்ரவரியில் மருத்துவர்கள் சொல்லி 28 வயதில் ஓய்வு. பெண்கள் லீக்கில் ஆடிய ஹெதர் ஆண்டர்சன் இறந்த பிறகு சோதித்ததில், அடிமேல் அடி விழுந்து மூளை சிதையும் சி.டி.இ. நோய் இருந்தது 2023-இல் தெரியவந்தது, தொழில்முறைப் பெண் ஆட்டக்காரரில் அப்படிக் கண்டறிந்தது அதுவே முதல் முறை. எங்கள் செம்மண் மைதானத்தில் நான் வைத்திருக்கிற ஒரே சட்டம் இதுதான்: தலையில் பட்டதா, தலை சுற்றுகிறதா, இரண்டாகத் தெரிகிறதா, அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, மறுபேச்சு இல்லை, வீட்டில் கொண்டுபோய் விட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வருவேன். "ஒண்ணுமில்லண்ணா, ஆடுறேன்" என்பான். விடாதீர்கள்.

பந்தயம். ஏ.எஃப்.எல். ஆட்டக்காரர் ஏ.எஃப்.எல். ஆட்டத்தின் மேல் ஒரு டாலர்கூடக் கட்டக் கூடாது. காலிங்வுட்டின் ஜெய்டன் ஸ்டீபன்சன் 2019-இல் சில்லறைக் காசுக்குக் கட்டி 10 ஆட்டம் வெளியே உட்கார்ந்தார். போனில் கிரிக்கெட் ஆப் வைத்து விளையாடிப் பழகிய பையன்கள் அந்தப் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போகட்டும்.

நிறத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் போகிறவன் நம் நிறத்துப் பிள்ளை. 1993-இல் நிக்கி வின்மர் என்ற பழங்குடி ஆட்டக்காரர், நாள் முழுக்க வசவு கேட்டுவிட்டு, ஆட்டம் முடிந்ததும் சட்டையைத் தூக்கித் தன் தோலைச் சுட்டிக்காட்டி நின்றார், அந்தப் படம் அந்த நாட்டையே பேச வைத்தது. 1995-இல் மைக்கேல் லாங் விடாமல் குரல் கொடுத்ததால் இனவசைக்கு எதிராக லீக் விதி கொண்டுவந்தது. அதற்குப் பிறகும், இரண்டு முறை பிரௌன்லோ வாங்கிய ஆடம் குட்ஸை 2015-இல் மைதானம் மைதானமாகக் கூச்சல் போட்டு விரட்டினார்கள், அவர் அந்த வருடமே ஓய்வு பெற்றார், 2019-இல் லீக் மன்னிப்புக் கேட்டது. இப்போது விதி இருக்கிறது, புகார் செய்ய வழி இருக்கிறது, பக்கத்தில் நிற்கிற சக ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அதைப் பயன்படுத்துங்கள், வாயை மூடிக்கொண்டு பல்லைக் கடிக்க வேண்டாம்.

ஏமாற்றுக்காரர்கள்

என் நண்பர் ஒருவருடைய மகனுக்கு நடந்தது. "ஆஸ்திரேலியாவில் ட்ரையல், தங்குமிடம் சாப்பாடு எல்லாம் சேர்த்து" என்று சொல்லி ஓர் ஆள் இரண்டு லட்சம் வாங்கினார். நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம். வந்த அழைப்புக் கடிதத்தை என்னிடம் காட்டினார்கள், க்ளப்பின் பெயரிலேயே எழுத்துப் பிழை. அந்த ஆளின் போன் அதற்குள் அணைந்துவிட்டது. தயவுசெய்து மனதில் வையுங்கள்: உங்களை வேண்டும் என்று நினைக்கிற க்ளப் உங்களிடம் காசு கேட்காது. டிக்கெட்டும் விசாவும் அவர்கள் பொறுப்பு. சந்தேகம் வந்தால் க்ளப்பின் அதிகாரபூர்வ இணையதளத்தில் இருக்கிற முகவரிக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள், ஏஜெண்ட் கொடுத்த முகவரிக்கு வேண்டாம்.

அப்படியானால் நேர்மையான வழி எது? இந்தியாவிலேயே இந்த ஆட்டம் இருக்கிறது, 2008-இல் மெல்பர்னில் நடந்த சர்வதேசக் கோப்பையில் இந்திய அணி ஆடியது, கொல்கத்தா, கேரளப் பக்கங்களில் பிள்ளைகள் ஆர்வமாக ஆடுகிறார்கள். தேசியப் போட்டி எங்கே நடக்கிறது என்று விசாரித்துப் போங்கள், அணி இல்லையென்றால் பத்துப் பேரைச் சேர்த்து நீங்களே தொடங்குங்கள், நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம்.

இன்னொரு வழி, எனக்கு மிகவும் நம்பிக்கையுள்ள வழி, படிப்பு. எப்படியும் பெங்களூரில் வீட்டுக்கு ஒரு பிள்ளை மேற்படிப்புக்கு வெளிநாடு பார்க்கிறது. மெல்பர்னில் படிக்கப் போகிறவர் அந்த வாரமே பக்கத்து ஊர் க்ளப்பில் போய்ப் பெயர் கொடுக்கலாம், யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. விக்டோரியா அமெச்சூர் சங்கத்தில் பல்கலைக்கழகங்களுக்கே க்ளப்கள் இருக்கின்றன, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகப் பல படிகள், கடைசிப் படியில் புதிதாகப் பழகுகிறவர்களும் ஆடுகிறார்கள். அங்கே நன்றாக ஆடினால் வி.எஃப்.எல். போன்ற மாநில லீக் ஆட்களின் கண்ணில் படலாம். மாணவர் விசாவில் கல்லூரி நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம், ஆட்டத்துக்குக் காசு தருகிறோம் என்று க்ளப் சொன்னால் விசா நிபந்தனையைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். ஆட முடியாதவர் அம்பயராகலாம், ஊர் ஆட்டங்களுக்குக்கூடக் கூலி உண்டு, ஆள் பற்றாக்குறையும் உண்டு. பிசியோதெரபி, விளையாட்டு அறிவியல் படித்தவர்களுக்கு க்ளப்களில் தனியாக வேலை இருக்கிறது.

அம்மாவுக்கு நான் சொன்னது இதுதான்: பி.யூ.சி. தேர்வை விட வேண்டாம், மார்ச்சில் அவன் மைதானத்துக்கு வரவே கூடாது என்று நானே சொல்கிறேன். ஏ.எஃப்.எல். ஆட்டக்காரர்களே வேலையோடு படிக்கிறார்கள், ஆட்டக்காரர் சங்கம் அதற்கு உதவித்தொகை தருகிறது, ஏனென்றால் எத்தனை பேருக்கு முப்பதைத் தொடுமுன் ஆட்டம் முடிகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அவர் யோசித்துவிட்டு, "சரி, ஞாயித்துக்கிழம மட்டும்" என்றார். அது போதும் எனக்கு.

அவனுக்கு இப்போது கொடுத்திருக்கிற வேலை இது, நீங்களும் செய்யலாம். கிராண்ட் ஃபைனல் வழக்கமாகச் செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, மெல்பர்ன் நேரம் மதியம் 2.30, நமக்குக் காலை 10 மணி. பந்தைப் பார்க்காதீர்கள். உங்கள் உயரம், உங்கள் ஓட்டம் எந்த இடத்துக்குப் பொருந்துகிறதோ அந்த இடத்தில் ஆடுகிற ஒருவரை மட்டும், பந்து அவரிடம் இல்லாதபோது எங்கே ஓடுகிறார், எப்போது நிற்கிறார், எந்தத் தோளைக் கொடுக்கிறார் என்று ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் ஒன்று முழுக்கப் பார்த்து எழுதுங்கள். கேமரா பந்தின் பின்னால்தான் போகும், அவர் திரையில் வரும்போதெல்லாம் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் பையன் போன வாரம் பழைய ஆட்டம் ஒன்றில் ஒரு விங் ஆட்டக்காரரை எண்ணினான், பந்து கையில் வந்தது நான்கு முறை, பந்தே வராமல் முழு வேகத்தில் ஓடியது 19 முறை. நோட்டை என்னிடம் நீட்டி, "அண்ணா, இவரு சும்மாவே ஓடிக்கிட்டு இருக்காரே" என்றான். அடுத்த ஞாயிறு அந்த 19 ஓட்டத்தையும் பந்தில்லாமல் ஓடப் போகிறோம், காலை ஆறரைக்கு, ஸ்டட்ஸ் போட்டு.